புதிய மல்யுத்த நட்சத்திரம் வந்தும் ரேட்டிங் ஏறவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை தேடும் வழிமுறை

போட்டி முடிவுகளை நிறுவனமே முன்கூட்டி எழுதும் தொழில்முறை மல்யுத்தத்தில் ஒரு புதிய முகத்தின் தோளில் சாம்பியன் பெல்ட் ஏறிய மறு வாரமே வழக்கு தொடங்கிவிடுகிறது. பார்வையாளர் எண்ணிக்கை வெளியாகும். இறங்கியிருந்தால் "இவனை நம்பி யார் டிவி போடுவார்கள்?" என்பார்கள். ஏறியிருந்தால், 1990-களின் பெரும் நட்சத்திரமான ஸ்டீவ் ஆஸ்டினைப் போல அடுத்தவர் கிடைத்துவிட்டார் என்று மாலை போடுவார்கள். ஒரே ஒரு வார எண்ணை வைத்து எழுதப்படும் இந்த இரண்டு தீர்ப்புகளும் பெரும்பாலும் மேல்முறையீட்டில் நிற்பதில்லை.

வளரும் வீரர்களால் ரேட்டிங் இழுக்க முடியுமா என்றால், முடியும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் பலமுறை நடந்திருக்கிறது. ஆனால் "அடுத்த வாரம் என்ன ஆகுமோ" என்ற கேள்வியை அவரைச் சுற்றி யாராவது கட்டி எழுப்பியிருந்தால்தான் நடந்திருக்கிறது. அந்தக் கேள்வி இல்லாத இடத்தில் எவ்வளவு திறமையான வீரரும் வந்து போகும் ஆள்தான். எனவே எண் படுத்துவிட்டால் மூன்று இடங்களில் வரிசையாகத் தேடுங்கள்: முதலில் அளவுகோல், பிறகு கதை, கடைசியில்தான் ஆள். பலரும் கடைசியிலிருந்து தொடங்குவதால்தான் நல்ல நட்சத்திரங்கள் வீணாகிறார்கள்.

தொடங்கும் முன்: எந்த எண்ணைப் பார்க்கிறீர்கள்?

ஒரே இரவுக்கு மூன்று எண்கள் சுற்றிவரும். மொத்தப் பார்வையாளர்கள் ஒன்று. விளம்பரதாரர்கள் பெரிதாக மதிக்கும் 18 முதல் 49 வயதுக்காரர்களின் எண்ணிக்கை இன்னொன்று. நிகழ்ச்சியைக் கால் மணி நேரத் துண்டுகளாக வெட்டி எடுத்த எண்கள் மூன்றாவது. விவாதத்தில் ஒருவர் முதலாவதையும் இன்னொருவர் இரண்டாவதையும் சொல்லிக்கொண்டிருந்தால் விடிய விடியப் பேசினாலும் முடியாது.

பழைய எண்களை இழுத்து வருபவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். 1999 மே 10 அன்று டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனத்தின் திங்கள் இரவு நிகழ்ச்சியான 'ரா' பெற்ற 8.1 என்பது வீடுகளின் சதவீதக் கணக்கு. இன்று நாம் படிக்கும் "இத்தனை லட்சம் பேர்" என்பது தலைக் கணக்கு. போதாக்குறைக்கு, அந்த இரவில் எதிர்ப்போட்டியான, டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனத்தின் 'நைட்ரோ' ஒளிபரப்பாகவே இல்லை. 2010-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சுமார் 10 கோடி வீடுகளுக்குக் கட்டணத் தொலைக்காட்சி போய்க்கொண்டிருந்தது. அதன் பிறகு பல கோடி வீடுகள் கேபிளைத் துண்டித்துவிட்டன. 2025 செப்டம்பரில் நீல்சன் நிறுவனம் மாதிரி வீடுகளோடு கேபிள் பெட்டிகளும் ஸ்மார்ட் டிவிகளும் தரும் பெருந்தரவையும் சேர்த்து எண்ணும் முறைக்கு மாறியது. ஆக, ஆஸ்டின் காலத்து எண்ணோடு இன்றைய இளைஞரின் எண்ணை ஒப்பிடுபவர் மல்யுத்தம் பேசவில்லை. கேபிள் தொழிலின் வரலாற்றைப் பேசிக்கொண்டிருக்கிறார்.

அறிகுறி 1: புதியவர் முன்னுக்கு வந்த வாரமே எண் சரிந்தது

ஆளைத் தொடாதீர்கள். சேனல், நாள், எதிரில் ஓடிய நிகழ்ச்சி ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

இதற்கு 2019 அக்டோபரைவிடத் தெளிவான பாடம் கிடையாது. டபிள்யூ.டபிள்யூ.இ.யின் இன்னொரு வாராந்திர நிகழ்ச்சியான 'ஸ்மாக்டவுன்' ஐந்து ஆண்டுகளுக்கு நூறு கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஃபாக்ஸ் சேனலுக்கு வந்தது. அக்டோபர் 4 அன்று முதல் ஒளிபரப்பை ஏறத்தாழ 39 லட்சம் பேர் பார்த்தார்கள். மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 25 அன்று ஃபாக்ஸில் பேஸ்பால் உலகத் தொடர் ஓடியதால் ஸ்மாக்டவுனைத் துணைச் சேனலான எஃப்.எஸ்.1-க்குத் தள்ளினார்கள். அன்று பார்த்தவர்கள் 8,88,000 பேர்.

இனிமேல்தான் வேடிக்கை. அடுத்த வெள்ளி, நவம்பர் 1. சவூதி அரேபியாவில் நிகழ்ச்சி நடத்தப் போன வீரர்களில் பெரும்பாலோர் விமானத் தாமதத்தால் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு நேரத்தில் வந்து சேரவில்லை. தனி விமானம் பிடித்து வந்த பிராக் லெஸ்னர் தொடக்கத்தில் தலைகாட்டினார். மீதி இரவைக் காப்பாற்ற என்.எக்ஸ்.டி. எனும் வளரும் வீரர்களின் பிரிவிலிருந்து ஆட்களை அவசரமாக வரவழைத்தார்கள். டொமாசோ சியாம்பா, கீத் லீ, ஷேனா பேஸ்லர் போன்றவர்கள் மேடையேறினார்கள். இறுதிப் போட்டியில் ஆடம் கோல் தன் என்.எக்ஸ்.டி. பட்டத்தைப் பணயம் வைத்து டேனியல் பிரையனோடு மோதினார். நிகழ்ச்சி ஃபாக்ஸுக்குத் திரும்பியிருந்தது. பார்த்தவர்கள் 25 லட்சத்துக்கு அருகில்.

முழு நட்சத்திரப் பட்டாளத்தோடு 9 லட்சத்தைத் தொடவில்லை. பாதிப் பேர் அறியாத இளைஞர்களோடு 25 லட்சம். இதை வைத்து "ஆடம் கோல் 16 லட்சம் பேரைக் கூடுதலாக இழுத்தார்" என்று யாராவது எழுதினால் சிரிப்போம். ஆனால் எண் எதிர்த்திசையில் போகும்போது அதே தர்க்கத்தை ஒருவரும் சிரிக்காமல் எழுதிவிடுகிறோம்.

எதிர்ப்போட்டியின் கனத்தை அறிய 2021 ஏப்ரலுக்குப் போங்கள். ஒன்றரை ஆண்டாகப் புதன்கிழமை இரவுகளில் போட்டி நிறுவனமான ஏ.இ.டபிள்யூ.வின் 'டைனமைட்' நிகழ்ச்சியும் என்.எக்ஸ்.டி.யும் நேருக்கு நேர் மோதிக்கொண்டிருந்தன. ஏப்ரல் 7 அன்று டைனமைட்டுக்கு 6,88,000 பேர். அடுத்த வாரம் என்.எக்ஸ்.டி. செவ்வாய்க்கு நகர்ந்துவிட, டைனமைட்டுக்கு 12 லட்சத்துக்கும் மேல். அன்றைய இறுதிப் போட்டியில் ஆடியவர் டார்பி ஆலின், அந்நிறுவனம் தானே வளர்த்த இளைஞர். ஏழு நாளில் அவர் இரு மடங்கு நட்சத்திரமாகிவிடவில்லை. எதிர்க்கடை மூடியது, அவ்வளவுதான்.

பருவத்தையும் பாருங்கள். செப்டம்பரில் அமெரிக்கக் கால்பந்துப் பருவம் தொடங்கினால் திங்கள் இரவு நிகழ்ச்சி அடி வாங்கும். ஜனவரியில் ராயல் ரம்பிள் என்ற ஆண்டுப் பெருநிகழ்ச்சி நெருங்கும்போது தானாக மீளும். எனவே போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன ஆண்டின் இதே வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

அறிகுறி 2: நிகழ்ச்சியின் மொத்த எண் பரவாயில்லை, இவர் வந்த கால் மணி நேரத்தில் மட்டும் சரிவு

அந்தக் கால் மணி நேரம் இரவில் எங்கே விழுந்தது என்று பாருங்கள். 'ரா' 2012 ஜூலையில் மூன்று மணி நேர நிகழ்ச்சியானது. கேபிளில் ஓடிய காலத்தில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கி பதினொன்று வரை இழுத்தது. மறுநாள் வேலைக்குப் போகிறவர் பத்து மணிக்கே விளக்கணைத்துவிடுவார். மூன்றாவது மணி நேரத்தில் எண் கரைவது ஆளைப் பார்த்து நடப்பதில்லை.

ஆகவே சரிவைச் சரிவோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரு நிகழ்ச்சியின் கடைசித் துண்டு வழக்கமாகவே நூற்றுக்குப் பத்துப் பேரை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதியவர் வந்த இரவில் ஐந்து பேர் மட்டும் போனால், போகவிருந்த ஐந்து பேரை அவர் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். பட்டியலில் அது சரிவு என்றே அச்சாகும். நடுவில் விளம்பர இடைவேளை எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பல இளம் வீரர்களின் போட்டிகள் விளம்பரத்தைச் செருகுவதற்காகவே நீட்டப்படுபவை.

அறிகுறி 3: அரங்கம் அதிர்கிறது, டிவி எண் அசையவில்லை

இது நுணுக்கமான கோளாறு. அரங்கத்தில் இருப்பவர் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கி வந்தவர். அவர் ஏற்கெனவே பக்தர். ரேட்டிங் ஏற வேண்டுமானால் பக்தர் அல்லாதவர் ரிமோட்டை எடுக்க வேண்டும். அவருக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் பொய்க்கக் கூடாது.

2011 ஜூன் 27, லாஸ் வேகாஸ். சி.எம். பங்க், ஸ்டீவ் ஆஸ்டின் சட்டையை அணிந்துகொண்டு மேடையின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, நிறுவனத்தையும் முதலாளியையும் அவர் குடும்பத்தையும் பெயர் சொல்லித் திட்டித் தீர்த்தார். ஒலிவாங்கியை அணைத்தார்கள். ஜூலை 17 அன்று, ஒப்பந்தம் முடியும் இரவில், சிகாகோவை ஒட்டிய ரோஸ்மான்டில் அன்றைய சாம்பியன் ஜான் சீனாவை வென்று பெல்ட்டோடு கூட்டத்துக்குள் புகுந்து வெளியேறினார். சாம்பியனே பட்டத்தோடு ஓடிவிட்டான், இனி என்ன? பல ஆண்டுகளில் இந்தத் தொழிலுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த கேள்வி அது.

பதில் எட்டே நாளில் வந்துவிட்டது. ஜூலை 25 அன்று ரே மிஸ்டீரியோவைப் புதிய சாம்பியனாக்கி, அதே இரவில் சீனாவிடம் அவரைத் தோற்கடித்து, அதே இரவிலேயே பங்க்கைத் திருப்பி அழைத்து வந்தார்கள். ஆகஸ்டில் சீனாவை மீண்டும் வென்ற பங்க்கை, ஐம்பதைத் தாண்டிய கெவின் நாஷ் வந்து தூக்கிப் போட்டார். ஆல்பர்ட்டோ டெல் ரியோ பட்டத்தைத் தட்டிச் சென்றார். மாதக்கணக்கில் பார்வையாளரைக் காக்க வைத்திருக்க வேண்டிய கேள்வியை ஒரு வாரத்தில் செலவழித்துவிட்டு, அந்தக் கோடையில் எண் பெரிதாக அசையவில்லை என்று பங்க்கின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

இங்கே செய்ய வேண்டிய சோதனை எளிது. நிகழ்ச்சி முடிந்ததும், மல்யுத்தம் பார்க்காத ஒருவரிடம் "அடுத்த வாரம் என்ன நடக்கப்போகிறது?" என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். உங்களுக்கே வாக்கியம் வரவில்லை என்றால் கோளாறு வீரரிடம் இல்லை.

முடிவு தெரிந்துவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று பயப்படுபவர்களுக்கு 1999 ஜனவரி 4 பதில் சொல்லும். அன்றைய 'ரா' முன்கூட்டியே படமாக்கப்பட்டது. மிக் ஃபோலி முதன்முறையாக உலகப் பட்டம் வெல்லப்போகிறார் என்ற முடிவை எதிர்ச் சேனலான நைட்ரோவின் வர்ணனையாளர் நேரலையில் ஏளனமாகப் போட்டு உடைத்தார். லட்சக்கணக்கான வீடுகள் அந்தக் கணமே 'ரா' பக்கம் திரும்பின. 'ரா' 5.7, நைட்ரோ 5.0. மேனி முழுக்கத் தழும்போடு, அழகன் என்று எவரும் சொல்லாத ஒருவர் பட்டம் வெல்வதைக் காண, முடிவு தெரிந்த பிறகே ஓடி வந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஆச்சரியம் அல்ல. அந்த நிமிடத்தில் தானும் இருந்தேன் என்ற நிறைவு.

அறிகுறி 4: ஒரு வாரம் எகிறியது, பிறகு படுத்தது

அதிகம் தவறாகப் படிக்கப்படும் அறிகுறி இது. எகிறியது என்றாலே ஆளிடம் சரக்கு இருக்கிறது என்று பொருள். படுத்தது என்றால் சரக்கை விற்றவர்களிடம் கேள்வி கேட்க வேண்டும்.

கோல்ட்பர்க்கை எடுத்துக்கொள்வோம். 1997 செப்டம்பரில் நைட்ரோவில் அறிமுகமாகி, தோல்வியே காணாமல் வந்தவர். 1998 ஜூலை 6 அன்று அட்லாண்டாவின் ஜார்ஜியா டோமில் 40,000 பேருக்கு முன்னால் ஹல்க் ஹோகனை வீழ்த்திச் சாம்பியன் ஆனார். கட்டணம் கட்டிப் பார்க்கும் நிகழ்ச்சியில் பெரும் வருவாய் தந்திருக்கக்கூடிய போட்டியை, ஒரு திங்கள்கிழமை ராவைத் தோற்கடிப்பதற்காக இலவசமாகக் காட்டினார்கள். தோற்கடிக்கவும் செய்தார்கள். சரி, அதைக்கூட மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதது ஆறு நாள் கழித்து நடந்தது. 'பேஷ் அட் த பீச்' நிகழ்ச்சியின் தலைப்புப் போட்டியில் ஹோகனும் கூடைப்பந்து வீரர் டென்னிஸ் ராட்மனும் ஒரு பக்கம், மல்யுத்த வீரர் டயமண்ட் டல்லாஸ் பேஜும் இன்னொரு கூடைப்பந்து வீரரான கார்ல் மலோனும் மறுபக்கம். புத்தம் புதிய உலகச் சாம்பியன் இடையில் எங்கேயோ கர்ட் ஹென்னிக்கோடு ஒரு போட்டி ஆடிவிட்டுப் போனார். ஆகஸ்டில் தலைப்புப் போட்டிக்கு வந்தவர் யார் தெரியுமா? இரவு நேர உரையாடல் நிகழ்ச்சி நடத்திய ஜே லெனோ. நாட்டிலேயே சூடான நட்சத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நகைச்சுவைத் தொகுப்பாளரை வளையத்துக்குள் இறக்கிய நிறுவனம் அது.

கோல்ட்பர்க்கிடம் கோளாறு இல்லை என்பதற்குச் சான்று அதே ஆண்டு அக்டோபரில் இருக்கிறது. 'ஹாலோவீன் ஹேவோக்' நிகழ்ச்சி நேரம் தாண்டி ஓடியதால், கோல்ட்பர்க்–பேஜ் போட்டி நடக்கும்போதே பல வீடுகளில் ஒளிபரப்பு அறுந்தது. வேறு வழியின்றி மறுநாள் அக்டோபர் 26 அன்று நைட்ரோவில் அந்தப் போட்டியை முழுதாகப் போட்டார்கள். அன்று நைட்ரோ ராவை வென்றது. அதற்குப் பிறகு ஒருபோதும் வெல்லவில்லை. டிசம்பரில் கோல்ட்பர்க்கின் தோல்வியில்லாத ஓட்டத்தையும் கெவின் நாஷைக் கொண்டு முடித்துவைத்தார்கள்.

இதற்கு அருகில் 1998 ஏப்ரல் 13-ஐ வைத்துப் பாருங்கள். நைட்ரோ 83 வாரம் தொடர்ந்து ராவை வென்றுகொண்டிருந்த நேரம். இரண்டு வாரம் முன்புதான் ஸ்டீவ் ஆஸ்டின் முதன்முறையாகச் சாம்பியன் ஆகியிருந்தார். பிலடெல்பியாவில் அன்று மாலை அவருக்கும் முதலாளி வின்ஸ் மக்மஹனுக்கும் போட்டி என்று அறிவித்தார்கள். மாதச் சம்பளக்காரன் ஒவ்வொருவனும் கனவில் காணும் போட்டி. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஆஸ்டின் நின்றார். மணி அடிக்க வேண்டிய நேரத்தில் மிக் ஃபோலி குறுக்கே புகுந்தார். போட்டி நடக்கவே இல்லை. 'ரா' 4.6, நைட்ரோ 4.3. 83 வார ஓட்டம் முடிந்தது.

நடந்த போட்டி ஒரு கதையை முடித்தது. நடக்காத போட்டி ஒரு கதையைத் தொடங்கியது. கோல்ட்பர்க் ஹோகனை வென்ற பிறகு பார்க்க என்ன மிச்சம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஆஸ்டின் முதலாளியை அடிக்கும் நாளுக்காக மாதக்கணக்கில் மக்கள் திங்கள் இரவைக் காலியாக வைத்திருந்தார்கள். உங்கள் நட்சத்திரத்தின் எண் எகிறி விழுந்திருந்தால், எகிறிய இரவின் கடைசி ஐந்து நிமிடத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் போனார்களா, கேள்விக்குறி வைத்துவிட்டுப் போனார்களா என்பது அதில் தெரியும்.

அறிகுறி 5: நல்லவராக வளர்க்கிறார்கள், கூட்டம் ஊளையிடுகிறது

பயப்பட வேண்டாம். மௌனம்தான் ஆபத்து, ஊளை அல்ல. ஊளையிடுபவர் டிவி முன்னால் இருக்கிறார்.

1996 நவம்பரில் ராக்கி மாய்வியா என்ற பெயரில் சிரித்த முகமும் தொங்கும் ரிப்பன்களுமாக ஓர் இளைஞரை இறக்கினார்கள். மூன்று மாதத்தில் இரண்டாம் நிலைப் பட்டமான இன்டர்கான்டினென்டல் பட்டமும் கொடுத்தார்கள். கூட்டமோ "செத்துப் போ ராக்கி" என்று அட்டை பிடித்தது. 1997 ஆகஸ்டில் அவரை வில்லன் குழு ஒன்றில் சேர்த்து, கையில் மைக்கைக் கொடுத்து, மக்கள் தன்னை வெறுத்ததைப் பற்றியே பேசவிட்டார்கள். அவர்தான் த ராக். 1999 செப்டம்பர் 27 அன்று அவரும் ஃபோலியும் செய்த வாழ்க்கை வரலாற்றுக் கேலிக் காட்சியில் ஒரு குத்துகூட முக்கியமில்லை. பழைய ஆசிரியை, பயிற்சியாளர், முன்னாள் காதலி என்று ஒவ்வொருவராக வளையத்துக்குள் வர, ராக் அவர்களை விரட்டியடித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பகுதி பெற்ற ரேட்டிங் 8.4.

இதே மருந்தை ரோமன் ரெயின்ஸுக்குக் கொடுக்க ஐந்தரை ஆண்டு தாமதித்தார்கள். 2015 ஜனவரியில் பிலடெல்பியாவில் ராயல் ரம்பிளை வென்றபோது விழுந்த ஊளை, கையைத் தூக்கி வாழ்த்த வந்த ராக் மீதும் தெறித்தது. அதன் பிறகும் அவரைப் புன்னகைக்கும் நாயகனாகவே திணித்தார்கள். 2020 ஆகஸ்டில் மேலாளர் பால் ஹேமனைப் பக்கத்தில் நிறுத்தி, குடும்பத் தலைவன் என்ற பெயரில் தம்பிமார்களை மிரட்டும் கொடுங்கோலனாக மாற்றினார்கள். ஆள் அதே ஆள்தான். பட்டம் 1,316 நாள் அவரிடம் இருந்தது. அந்தக் கதையின் நிழலில் சாமி ஸேனும் ஜே ஊசோவும் முதல் வரிசை நட்சத்திரங்களானார்கள். ஒரு வில்லன் சரியாக அமைந்தால் இரண்டு மூன்று புதியவர்களுக்குச் சேர்த்து வேலை செய்வான்.

அறிகுறி 6: பட்டம் கொடுத்தாயிற்று, பல மாதம் ஆயிற்று, எதுவும் நடக்கவில்லை

இப்போதுதான் ஆளைச் சந்தேகிக்கலாம். அதுவும் மெதுவாக.

ஜிந்தர் மஹால் 2017 மே மாதம் ராண்டி ஆர்ட்டனை வென்று டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன் ஆனார். இந்தியச் சந்தையை மனதில் வைத்து எடுத்த முடிவு என்று அப்போதே எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் பட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு வரை வாராவாரம் தோற்றுக்கொண்டிருந்தவர் அவர். வெறும் பெல்ட் அந்த நினைவை அழிக்காது. 170 நாளில் மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் பட்டம் போயிற்று. அதற்குப் பின் டிசம்பரில் புதுதில்லியில் இரண்டு நாளாகத் திட்டமிட்ட நிகழ்ச்சி ஒரு நாளாகச் சுருங்கியது. இந்திய வேர் கொண்டவர் என்று முன்னிறுத்தப்பட்டவரை அங்கேயே நிறுவன நிர்வாகியுமான மூத்த வீரர் டிரிபிள் எச். வென்று, பிறகு அவரோடு பாங்க்ரா ஆடினார். சந்தைக்காக நட்சத்திரம் செய்வது தப்பில்லை. அந்தச் சந்தையில் இருப்பவர்களுக்கும் கண் இருக்கிறது என்பதை மறந்ததுதான் தப்பு.

"அப்படியானால் கூட்டம் இழுக்காத ஆள் என்று ஒருவருமே இல்லையா?" என்று கேட்பவர்கள் வழக்கமாகக் காட்டும் பெயர் டீசல். கெவின் நாஷ், டீசல் என்ற பெயரில், 1994 நவம்பரிலிருந்து 358 நாள் டபிள்யூ.டபிள்யூ.எஃப். சாம்பியனாக இருந்தார் (அந்நிறுவனம் 2002-இல்தான் டபிள்யூ.டபிள்யூ.இ. ஆனது). அந்த 1995 நிறுவனத்தின் மோசமான ஆண்டுகளில் ஒன்று. கறுப்புத் தோல் உடையில், பேச்சில் கிண்டலோடு, ஏழடி உயர அடியாளாக வந்து பெயரெடுத்தவரை, சாம்பியன் ஆனதும் குழந்தைகளைப் பார்த்துக் கையசைக்கும் நாயகனாக்கினார்கள். தீர்ப்பு எழுதப்பட்டது: இவரால் முடியாது.

1996 மே இறுதியில் ஸ்காட் ஹால் எதிரி நிறுவனத்தின் நைட்ரோவில் அறிவிப்பின்றி நுழைந்தார். ஜூன் 10 அன்று நாஷும் வந்து சேர்ந்தார். பழைய நிறுவனம் அனுப்பிய படையெடுப்பாளர்கள் என்ற தோற்றம். மூன்றாவது ஆள் யார் என்ற புதிர். ஜூலை 7 அன்று ஹோகனே அந்த மூன்றாவது ஆள் என்று தெரிந்தது. 83 வார ஓட்டம் இந்தக் கோடையில் தொடங்கியதுதான். அதே நாஷ், அதே உயரம், அதே நக்கல். மாறியது கதை மட்டும். எதிர்த்திசையில், 1995-இல் "இவரை விற்க முடியாது" என்று டபிள்யூ.சி.டபிள்யூ. வேலையைவிட்டு நீக்கிய ஒருவர் இருந்தார். பெயர் ஸ்டீவ் ஆஸ்டின்.

ஆகவே ஒருவரைக் கைகழுவும் முன் குறைந்தது இவ்வளவாவது பார்த்துவிடுங்கள்: நாயகனாகவும் வில்லனாகவும் இரண்டு பக்கமும் முயன்றார்களா, கனமான எதிரி ஒருவரையாவது கொடுத்தார்களா, அவர் கையில் மைக் தந்தார்களா, இல்லை வேறு யாரோ எழுதியதை ஒப்பிக்க வைத்தார்களா. எல்லாம் செய்தும் அசையவில்லை என்றால், சரி, ஆள்தான்.

அறிகுறி 7: பழைய நட்சத்திரம் வந்தால் எண் ஏறுகிறது, போனால் இறங்குகிறது

ஏறத்தான் செய்யும். கேட்க வேண்டியது, ஏறிய இரவில் பழையவர் யாருக்கு எதை விட்டுச் சென்றார் என்பது.

கோஃபி கிங்ஸ்டன் பதினோரு ஆண்டு உழைத்து 2019 ஏப்ரலில் சாம்பியன் ஆனார். முன்பு சொன்ன அந்த அக்டோபர் 4, ஃபாக்ஸின் முதல் இரவு. 39 லட்சம் பேருக்கு முன்னால் பிராக் லெஸ்னர் சில நொடிகளில் அவரை முடித்தார். மறு வாரம் எண் 29 லட்சத்துக்கு வந்தது. கோஃபி பழிவாங்கும் கதைகூட இல்லாமல் பழையபடி ஜோடிப் போட்டிகளுக்குத் திரும்பினார். பல மாதம் பார்க்காமல் இருந்து அன்று எட்டிப் பார்த்தவருக்கு, இத்தனை நாள் சாம்பியனாக இருந்தவர் ஒன்றுமில்லாதவர் என்று நிறுவனமே பறைசாற்றியது.

சரியாகச் செய்தது எப்படி என்றால் 1997 மார்ச், நிறுவனத்தின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸ்ல்மேனியா 13. பிரெட் ஹார்ட் ஆஸ்டினைக் காலைப் பின்னிய பிடியில் போட்டு முறுக்குகிறார். ஆஸ்டினின் நெற்றி ரத்தம் பற்களுக்கு நடுவே வழிகிறது. "தோற்றேன்" என்று சொல்லாமலே மயங்கிச் சாய்கிறார். போட்டியை வென்றவர் ஹார்ட். நாயகனாகத் தள்ளாடி வெளியேறியவர் ஆஸ்டின். பெரியவர் வென்றும் சின்னவரைத் தூக்கிவிட முடியும். ஓர் ஆண்டு கழித்து மைக் டைசனை நடுவராக அழைத்து வந்தபோதும் இதே கணக்குதான்: டைசனைப் பார்க்க வந்த கூட்டம், மூன்று எண்ணி முடித்ததும் ஆஸ்டினைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அறிகுறி 8: வாராந்திர எண்ணே சரியாகக் கிடைக்கவில்லை

'ரா' 2025 ஜனவரி 6 முதல் நெட்ஃபிளிக்ஸில் ஓடுகிறது. பத்து ஆண்டுக்கு ஐந்நூறு கோடி டாலர் ஒப்பந்தம். அங்கே கால் மணி நேரக் கணக்கு வெளியே வராது. "பார்வைகள்" என்று தரப்படுவது, பார்க்கப்பட்ட மொத்த மணி நேரத்தை நிகழ்ச்சியின் நீளத்தால் வகுத்த எண். அதுவும் உலகம் முழுவதற்கும் சேர்த்து. பழைய கேபிள் எண்ணோடு இதை ஒரே வரைபடத்தில் போடாதீர்கள். ஜே ஊசோ 2025 ஏப்ரலில் குந்தரை வென்று பட்டம் பெற்று, இரண்டு மாதம்கூட ஆகாமல் அவரிடமே இழந்தபோது, அவரால் நெட்ஃபிளிக்ஸ் எண் ஏறியதா இறங்கியதா என்று ஆதாரத்தோடு பேச வெளியாட்களிடம் எதுவும் இல்லை. ஆனால் அவருடைய நுழைவு இசைக்கு அரங்கம் மொத்தமும் கையைத் தூக்கித் தாழ்த்தியதை எல்லோரும் பார்த்தார்கள்.

இந்த நிலையில் டிக்கெட் விற்பனை, சட்டை விற்பனை, காணொளித் துண்டுகள் இவற்றைத்தான் நம்ப வேண்டும். டிக்கெட்டைப் பார்க்கும்போது ஊரையும் சேர்த்துப் பாருங்கள். சிகாகோவில் சி.எம். பங்க்குக்கு அரங்கம் நிரம்புவது சொந்த ஊர்ப் பாசம். அவர் பெயர் சுவரொட்டியில் இருக்கும் சாதாரண வாரத்தில் வேறொரு நடுத்தர நகரத்தில் கடைசி வரிசை வரை விற்றுப்போனால், அதைக் கணக்கில் எழுதலாம்.